அவனுடைய இரண்டு சென்டிமீட்டர்

ஊரில் மற்றவர்களுக்கு அடுத்தவன் வீட்டைப் பார்த்து, வண்டியைப் பார்த்துப் பொறாமை வருகிறது. எனக்கு அடுத்தவனுடைய சிறுகுடலைப் பார்த்து வந்தது. அதைச் சொல்வதற்கு என் குடலிலிருந்து தொடங்க வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டி பிரேக்குகளுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு மேனாம்பேட்டில். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, சாப்பிட்டால் வயிறு வலிக்கத் தொடங்கியது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு மகளோடு நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் தொப்புளைச் சுற்றி முறுக்கும். உள்ளே ஏதோ ஒன்று ஓரிடத்தில் வந்து முட்டி, பின்வாங்கி, மறுபடியும் முட்டுவது போலிருக்கும். வயிறு போடும் சத்தம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே கேட்கும். வாந்தி எடுத்தால்தான் அடங்கும். அதனால் சாப்பாட்டைக் குறைத்தேன். சட்டை தோளிலிருந்து தொங்க ஆரம்பித்தது.

முதலில் பார்த்த டாக்டர் குடல் காசநோய் என்று நினைத்து ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, அதுவும் எனக்கு வந்திருந்த நோயும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்குமாம். மாத்திரை முடிந்தும் வலி நிற்கவில்லை. வாய் வழியாக டியூப் விட்டுப் பார்த்தார்கள், சுத்தம். கீழிருந்து விட்டுப் பார்த்தார்கள், அதுவும் சுத்தம். சொந்தக்காரர்கள் கேஸ் என்றார்கள், டென்ஷன் என்றார்கள். ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பிறகுதான் நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், குடல் நோய்களை மட்டும் பார்க்கும் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். அவர் எடுக்கச் சொன்ன ஸ்கேனில் சிறுகுடலின் நடுவில் இரண்டு இடம் குறுகியிருந்தது.

"மேல இருந்து விடுற டியூப் சிறுகுடல் ஆரம்பத்தோட நின்னுடும். கீழ இருந்து விடுறது கடைசியில கொஞ்சந்தான் எட்டும். நடுவுல இருக்கிற பல அடி குடலை ரெண்டுமே பாக்காது. உங்க பிரச்சினை அங்கதான் இருக்கு" என்றார். கிரோன்ஸ் என்று ஒரு பெயர் சொன்னார். உடம்பின் காவல் சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்கும் நோய். புண் ஆறி ஆறி அந்த இடம் தழும்பேறிக் குறுகிவிடும்.

"மாத்திரை மாதிரி கேமரா முழுங்கலாம்னு சொல்றாங்களே" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வேண்டாம். குறுகின இடத்துல போய் மாட்டிக்கும்."

அதற்குப் பதிலாக அவர் சொன்னதுதான் பலூன் என்டோஸ்கோப்பி. நீளமான மெல்லிய டியூப், அதன் மேல் ஒரு உறை, உறையின் நுனியில் சின்ன பலூன். பலூன் ஊதிக் குடலைப் பிடித்துக்கொள்ளும், டியூப் முன்னே போகும், பிறகு குடலை மடித்து மடித்து உறையின் மேல் ஏற்றிக்கொள்வார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

என் மனைவி சட்டென்று கேட்டாள். "பாவாடைக்கு நாடா கோக்கும்போது துணி சுருங்கி ஊக்கு மேல ஏறுமே, அது மாதிரியா மேடம்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான்."

அப்படிப் போய்ப் புண்ணிலிருந்து துளி சதை எடுப்பார்கள். குறுகிய இடம் தோதாக இருந்தால் அங்கேயே இன்னொரு பலூனை வைத்து விரித்துவிடுவார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படாது. "தோதாக இருந்தால்" என்று அவர் இரண்டு முறை சொன்னார். எனக்கு "விரித்துவிடுவார்கள்" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

என்டோஸ்கோப்பி அன்று காலையில் காத்திருக்கும் இடத்தில்தான் அவனைப் பார்த்தேன். திருவேற்காட்டுக்காரன். பூந்தமல்லிக்கும் கோயம்பேட்டுக்கும் நடுவே ஷேர் வேன் ஓட்டுகிறவன். என்னைவிட ஆறேழு வயது சின்னவன். பேதிக்குக் கொடுத்த எலுமிச்சை வாடை அடிக்கும் தண்ணீரை முந்தின நாளே குடித்து முடித்து, கன்னம் ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் குறுகல் சிறுகுடலின் கடைசிப் பக்கம் என்பதால் கீழிருந்து விடுவார்கள். எனக்கு வாய் வழியாக.

நர்ஸ் வந்து, "உங்க கூட யாரு வந்திருக்காங்க?" என்று அவனைக் கேட்டார்.

"யாரும் இல்ல சிஸ்டர். நான் மட்டுந்தான் கீறேன்."

"அட்டெண்டர் இல்லாம மயக்க ஊசி போட மாட்டோம்."

அவன் எழுந்து, உட்கார்ந்து, போனை எடுத்து, யாருக்கும் போடாமல் திரும்பப் பையில் வைத்தான். என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இருக்கேன் சிஸ்டர். இவருக்கும் இருக்கேன், அந்தத் தம்பிக்கும் இருக்கேன்" என்றாள்.

"அண்ணி, நெசமாவா?" என்றான். அந்த நிமிடத்திலிருந்து அவள் அவனுக்கு அண்ணி, நான் அண்ணாத்தே.

உள்ளே என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. தொண்டையில் கசப்பாக ஏதோ அடித்தார்கள், பல்லுக்கு நடுவே ஒரு வளையத்தை வைத்தார்கள், இடது பக்கமாகப் படுக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். கண் விழித்தபோது தொண்டை எரிந்தது, வயிறு உப்பியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் அவன் ஏற்கனவே விழித்துக்கொண்டு காலாட்டிக்கொண்டிருந்தான்.

டாக்டர் முதலில் அவனிடம் போனார். "ஒரே ஒரு இடம். ரெண்டு சென்டிமீட்டர்தான் நீளம். புண் எதுவும் இல்ல, வெறும் தழும்பு. பலூன் வச்சு விரிச்சாச்சு. டியூப் சுலபமா தாண்டிப் போச்சு."

பிறகு என்னிடம் வந்தார். "உங்களுக்கு முதல் இடம் சின்னது. ரெண்டாவது ஏழு சென்டிமீட்டருக்கு மேல நீளம். ரெண்டு இடத்துலயும் ஆழமா புண் இருக்கு. இப்ப பலூன் வச்சா குடல் கிழியும். சதை மட்டும் எடுத்திருக்கேன். ஊசி ஆரம்பிச்சு முதல்ல புண்ணை ஆத்தணும். அப்புறம் பாக்கலாம்."

நாள் முழுக்க மில்லிமீட்டர் பார்க்கிறவன் நான். துளைக்குள் கேஜ் என்கிற அளவுக் கம்பி போனால் பாகம் தேறும், போகாவிட்டால் கழித்துப் போடுவோம். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் தேறிவிட்டான்.

என் மனைவி அவன் கட்டிலருகே போய், "நல்லா ஆயிடுச்சு தம்பி" என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் உண்மையானது. பிறகு என் பக்கம் திரும்பியபோது அதை மடித்து வைத்துவிட்டு வேறு முகத்தை எடுத்துக்கொண்டாள். ஒரு காலையில் பழக்கமான ஒருவனுக்கு அவ்வளவு வெளிச்சம், எனக்கு ஆறுதல். கண்ணை மூடிக்கொண்டு மயக்கம் தெளியாதவன் போலப் படுத்திருந்தேன்.

சதைச் சோதனையில் கிரோன்ஸ் என்றே வந்தது. குறிப்பிட்ட வாரங்களுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டு டிரிப்பில் ஊசி மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் பல வாரங்களுக்குச் சாப்பாடு என்பதே கிடையாது. சத்து மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதுதான் மூன்று வேளையும். வெண்ணிலா வாசனை. இன்றைக்கும் பேக்கரியைக் கடந்து போகும்போது அந்த வாசனை வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

அவன் தினமும் போன் செய்தான். என்னைத் தேற்றுவதாக அவன் நினைப்பு.

"அண்ணாத்தே, இன்னிக்கு நாஸ்டாக்கு ரெண்டு இட்லி. ஒண்ணியும் பண்ணல."

மறுவாரம், "ஆப்பம் துன்னேன். சோக்கா எறங்கிச்சு."

அதற்கும் அடுத்து, பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு கடைப் பரோட்டாவின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. பாதி தின்ற பரோட்டா, மேலே சால்னா. கீழே, "டாக்டர் கம்மியா துன்ன சொல்லிக்கிறாங்கோ, அதான் பாதி."

அந்தப் படத்தை அழித்துவிடலாம் என்று எடுத்தேன். அழிக்காமல் பெரிதாக்கிப் பார்த்தேன். மொறுமொறுப்பான ஓரம், எண்ணெய் மினுங்கும் அடுக்கு. என் வயிறு கத்தியது.

கம்பெனி கேன்டீனில் சாப்பிடுகிறவர்கள்மீது எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்ததில்லை. அவர்கள் வேறு ஜாதி, வயிறு என்று ஒன்று இருப்பதையே அறியாதவர்கள். இவன் அப்படி இல்லை. இவனுக்கும் அதே நோய், அதே டாக்டர், அதே காலை. இவன் குடலில் இரண்டு சென்டிமீட்டர், என் குடலில் ஏழு. வித்தியாசம் ஒரு பெருவிரல் நீளம்கூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தான். மகளுக்குக் கம்மர்கட்டும் எனக்கு இளநீரும் வாங்கி வந்திருந்தான். அன்று மகளுக்காகச் சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள் என் மனைவி. "சாப்ட்டுட்டுப் போ தம்பி" என்றாள். அவன் மறுப்பான் என்று எதிர்பார்த்தேன்.

"குந்தறேன் அண்ணி. வாசன தெருமொனைலியே இயுத்துகினு வந்துச்சு" என்றான்.

நான் என் வழக்கமான டம்ளரோடு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவன் சோற்றைக் குழைத்தான், மீனைப் பிட்டான், முள்ளை ஒதுக்கினான், தலையை எடுத்து உறிஞ்சினான். அந்தச் சத்தம் இருக்கிறதே. எங்கள் வீட்டில் மீன் தலை எனக்கு உரியது, கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவளே எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

அவன் போன பிறகு கேட்டேன். "தலைய எதுக்கு அவனுக்கு வச்ச?"

"வேற யாருக்கு வைக்கிறது? பாப்பா முள்ளுன்னா பயப்படுது."

"எதிர்ல நான் குந்தினு இருந்தேன்ல."

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "இன்னாத்துக்கு அந்தப் புள்ள மேல இப்படிக் காந்துறீங்க? அன்னிக்கு ஏன் தனியா வந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? பூந்தமல்லியில பொண்ணு பாத்து வச்சிருக்காங்க. சீக்குக்காரன்னு தெரிஞ்சா குடுக்க மாட்டாங்கன்னு ஊட்ல யார்கிட்டயும் சொல்லல. நீங்க உள்ள போன பிற்பாடு என்கிட்ட சொல்லிட்டு அழுதுச்சு."

இதைக் கேட்டு எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ, அவளிடம் அழுவதற்குக்கூட அவனுக்கு நேரம் கிடைத்திருக்கிறது என்பதுதான்.

"கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா?" என்று மட்டும் கேட்டேன்.

"முன்னாடியே சொல்லிடுன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

அவன் சொல்லிவிட்டான். அந்தப் பெண்ணைத் திருவேற்காடு கோயிலுக்கு வரச் சொல்லி, டாக்டர் கொடுத்த படங்களைப் போனில் காட்டியிருக்கிறான், விரிப்பதற்கு முன், விரித்த பின் என்று. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டாளாம். கல்யாணம் நிற்கவில்லை.

கல்யாணம் திருவேற்காட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அதற்குள் நான் குழைந்த சோறு, ரசம், வெந்த முட்டை என்ற இடத்துக்கு வந்திருந்தேன். கீரை கூடாது, தேங்காய் கூடாது, விதை, தோல், நார் எதுவும் கூடாது. பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் விழுந்ததையெல்லாம் பார்த்தேன். கூட்டு, பொரியல், அவியல், வடை. பரிமாறுகிறவரிடம் ரசம் மட்டும் கேட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "சுகரா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சுகர் என்றால் மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள்.

கை கழுவிவிட்டு வண்டி நிறுத்தும் இடத்தில் வந்து நின்றேன். அவன் பட்டு வேட்டியோடு என்னைத் தேடிக்கொண்டு வந்தான்.

"இன்னா அண்ணாத்தே, ஒயுங்கா துன்னியா?"

"ரசம் சாதம்."

"அவ்ளோதானா? பாயசமாச்சும் குட்ச்சிருக்கலாம்ல. நான் ரெண்டு வடை துன்னேன்."

எனக்கு எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை. "எனக்கு உன்னப் பாத்தா வயிறு எரியுதுடா. புண்ணு வேற, இது வேற. நீ தினமும் போன் பண்ணி அத்த துன்னேன் இத்த துன்னேன்னு சொல்றப்போ போன வச்சிட்டுக் கொஞ்ச நேரம் நான் யார்கிட்டயும் பேச மாட்டேன்."

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வண்டியின் மேல் சாய்ந்தான்.

"தெரியும் அண்ணாத்தே. எனக்கும் எரிஞ்சிச்சு."

"உனக்கு இன்னா?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரில நீ உள்ள போம்போது செருப்ப கயட்டி உட்டியே, அண்ணி அத்த எட்த்து பைல வச்சிகினாங்கோ. வெளிய வந்தா உனக்குத் தேட வேணாம்னு. நான் பாத்துகினே குந்தினு இருந்தேன். குடல்ல ஓட்ட உயுந்தா யாருக்கு போன் பண்றதுன்னு சிஸ்டர் கேட்டப்போ எனக்கு சொல்றதுக்கு ஒரு நம்பர் இல்ல. அண்ணி நம்பரத்தான் குட்த்தேன். அப்போ நெனச்சேன், சீக்கு வந்தாலும் இவன மாரி வரணும்னு."

மண்டபத்துக்குள்ளிருந்து யாரோ மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அவன் போய்விட்டான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி பின்னால் உட்கார்ந்து, மகளை நடுவில் பிடித்துக்கொண்டு, மணப்பெண்ணின் புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். அவன் சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஏங்கியது அவனுக்குக் கிடைத்துவிட்டது. இனி அவன் செருப்பை எடுத்து வைக்கவும் ஓர் ஆள் உண்டு. என் ஏக்கம் அப்படியே இருக்கிறது. முன்பைவிட அதிகமாகவே எரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டதால் அதை ஒளித்துவைக்கும் வேலை மட்டும் இல்லாமல் போனது. அவன் அதன் பிறகும் போன் செய்தான். என்ன தின்றான் என்பதை நான் கேட்டால் மட்டும் சொன்னான். நான் தினமும் கேட்டேன்.

ஊசி ஏற்றத் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் ஆனபோது மறுபடியும் பலூன் என்டோஸ்கோப்பி. இந்த முறை மனைவியோடு அவனும் வந்தான். வேனை மச்சானிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தான். கையெழுத்துப் போடும் முன் டாக்டர் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். விரிக்கும்போது ரத்தம் வரலாம், அபூர்வமாகக் குடல் கிழியலாம், கிழிந்தால் உடனே ஆபரேஷன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

விழித்தபோது அதே தொண்டை எரிச்சல். கட்டிலின் இரண்டு பக்கமும் இருவர். அவன் வாயில் பிஸ்கட். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த பிஸ்கட்தான்.

டாக்டர் வந்தார். "புண் நல்லா ஆறியிருக்கு. சின்ன இடத்தை விரிச்சாச்சு. நீளமான இடத்துல வீக்கம் வடிஞ்சு தானாவே இளகியிருக்கு. டியூப் மெதுவாத் தள்ளினா போகுது. அதுல இன்னிக்கு பலூன் வைக்கல."

"மேடம், அந்த நீட்டு எடம் இப்போ எவ்ளோ கீது?" என்று அவன் கேட்டான்.

"நாலுக்குள்ள வந்திருக்கு."

அவன் என் தோளைப் பிடித்து அமுக்கினான். அவன் கண் கலங்கியிருந்தது. தேறிவிட்டேனா என்று நான் டாக்டரைக் கேட்கவில்லை. பாதி தேறியிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. ஊசியை நிறுத்த முடியாது. சில மாதங்கள் கழித்து மறுபடி உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். விரித்த இடம் திரும்பக் குறுகலாம், நீளமான இடம் என்றைக்காவது கத்தியில் போய் முடியலாம். இதையெல்லாம் அவர் மறைக்காமல் சொன்னார்.

டாக்டர் அனுமதித்த பிறகு ஒரு ஞாயிறு மதியம் என் தட்டில் மீன் விழுந்தது. முள் நீக்கி, காரம் குறைத்து. தலை இல்லை, அதற்கு இன்னும் காலம் ஆகும் என்றாள். மூன்று வாய் சாப்பிட்டேன். பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். வழக்கமாக முறுக்கும் நேரம் வந்தது. வயிறு ஒருமுறை உறுமியது, அவ்வளவுதான். மகள் வந்து மடியில் ஏறியபோது தடுக்கவில்லை.

அவனுக்குப் போன் செய்தேன். முதல் தடவையாக நான் செய்தேன்.

"மீன் துன்னேன்" என்றேன்.

"எவ்ளோ?"

"மூணு வாய்."

"நான் இன்னிக்கு பிரியாணி" என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது இங்கே கேட்டது. "சாரி அண்ணாத்தே."

"பரவால்ல, சொல்லு. மட்டனா, சிக்கனா?"

மட்டன். ஆவடியில் அவன் சம்சாரத்தின் அத்தை வீட்டில். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன், கறி வெந்திருந்ததா, அரிசி எந்த அரிசி, கூடக் கத்திரிக்காய் வைத்தார்களா என்று. அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். கேட்கக் கேட்க எரிந்தது. ஆனாலும் போனை வைக்க மனம் வரவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு டாக்டர் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். மனைவி அன்றைக்கு மகளின் பள்ளிக்குப் போக வேண்டும். அவனே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். என்னைப் பட்டினியாக வேனில் ஏற்றிக்கொண்டு, வழி முழுக்க எதையாவது மென்றுகொண்டேதான் ஓட்டுவான்.